நிறம் கடைசியில்

வர்ண அட்டையை மூடி வையுங்கள், சாருமதி.
நிறம் கடைசியில்.
முதலில் வெறும் வீட்டில் ஒரு நாள் இருங்கள்,
பாயும் தண்ணிப் போத்தலும் போதும்.
வெயில் எத்தனை மணிக்கு எந்தச் சுவரைத் தொடுகிறதென்று
பென்சிலால் அந்தச் சுவரிலேயே எழுதுங்கள்.
எப்படியும் பூசத்தானே போகிறோம்.

வெள்ளவத்தை, ஐந்தாம் மாடி, மேற்கே கடல்.
அழகுதான், அதற்கென்று தனி விலையும் கொடுத்திருப்பீர்கள்.
மூன்று மணிக்குப் பிறகு அந்த அழகு
சோபாவில் ஏறிப் படுத்துக்கொள்ளும்,
வருடம் திரும்புமுன் துணி வெளுக்கும்.
பிணைச்சல்கள் என்றால் உப்புக் காற்றுக்குப் பசி.
கடைக்குப் போகும்போது
கைப்பையில் ஒரு காந்தம் கொண்டுபோங்கள்.
ஒட்டினால், வைத்துவிட்டு வாருங்கள்.

கீழே றெயில் போகையில்
கண்ணாடி அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கும்.
தட்டுகளின் ஓரத்தில் அரை அங்குலச் சட்டம்,
தச்சரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

குகதீசன் ஏதோ ஹோட்டலின் படத்தைப்
போனில் காட்டினார்.
பொய்க்கூரை, ஓரமெல்லாம் நீல வெளிச்சம்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அது ஒன்பது அங்குலம் தின்னும்,
பான் தலைக்கு இறங்கும்,
உங்கள் மீன்குழம்பு நீலத்தில்
ஆஸ்பத்திரிச் சாப்பாடு போலிருக்கும்
என்று உங்களிடம் சொல்கிறேன்.
அவரிடம் நீங்கள் சொல்லுங்கள்.

குசினி மேடையின் உயரத்தைக்
கடைக்காரர் தீர்மானிக்கக் கூடாது.
கையை மடித்து நில்லுங்கள்,
முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே ஒரு கோடு.
இங்கே யார் சமைக்கிறது என்று கேட்டேன்.
இருவரும் ஒருவரையொருவர் பார்த்தீர்கள்.
அவருடைய முழங்கையையும் அளந்துகொண்டேன்.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே மூன்று அங்குலம்.
அதை நீங்களே பேசித் தீருங்கள்.

குளியலறைக்கு ஒரே ஒரு சொல்:
ஜயசிறி பாஸுக்கு மிச்சக் காசு கொடுக்கமுன்
ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.
தண்ணீருக்கு வழி தெரியவேண்டும்.
மூலையில் நின்று யோசித்தால்
டைல்ஸைக் கிளப்பச் சொல்லுங்கள்,
அவர் முகம் கறுத்தாலும் பரவாயில்லை.
வழுக்காத டைல்ஸ்தானே? காலை நனைத்து மிதித்துப் பார்த்தீர்களா?

பிறகு அந்த மூன்றாம் அறை.
ரொறன்ரோ மகனுக்கென்று
பெரிய கட்டில், இரட்டைக் கதவு அலுமாரி
லிஸ்டில் எழுதியிருக்கிறீர்கள்.
எத்தனை தடவை வந்தான் என்று நான் கேட்கவில்லை.
வீட்டிலேயே நல்ல காலை வெளிச்சம் அங்கேதான்.
தையல் மெசினைப் போடுங்கள், இஸ்திரி மேசையைப் போடுங்கள்.
கட்டில் சுவரோடு மடியட்டும்,
அவன் வருகிற அன்று விரிக்க ஐந்து நிமிடம்.
நீங்கள் பேனா மூடியைத் திருகிக்கொண்டேயிருந்தீர்கள்.
கட்டிலை வெட்டவில்லை.
சரி. யன்னலை மட்டும் மறைத்துப் போடாதீர்கள்.

இனி நிறம்.
அட்டையில் இருப்பது முத்திரையளவு பொய்.
சின்ன டின் வாங்கி, ஒரு கதவகலத்துக்குப் பூசி,
பின்னேரம் நாலு மணிக்குப் பாருங்கள்,
இரவு லைற்றில் பாருங்கள்,
சோளகத்தில் மழை அடிக்கும் ஒரு நாளும் பாருங்கள்.
மூன்றுக்கும் கோபம் வராத நிறம் எதுவோ அது.

என் வீடு எப்படியிருக்குமென்று கேட்டீர்கள்.
கொட்டாஞ்சேனையில் ஒரு அனெக்ஸ்.
ஒப்பந்தத்தில் நாலாவது வரி:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கலண்டர் யன்னல் கம்பியில் தொங்குகிறது,
காற்றடித்தால் ஓகஸ்ட் தானாக வந்துவிடும்.
சுவிட்ச் கதவடியில்.
ஒவ்வொரு இரவும் எழும்பி, அணைத்து,
இருட்டில் பதினொரு அடி தடவி வருகிறேன்.
மற்றவர்களின் வீடுகளுக்குச் சுவிட்ச் வைப்பது
அந்தப் பதினொரு அடியில்தான்.

உங்கள் கட்டிலருகே, கை எட்டும் தூரத்தில்,
இரண்டு பக்கமும் ஒவ்வொன்று குறித்திருக்கிறேன்.
வேறெதை வேண்டுமானாலும் மாற்றுங்கள்.