ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு

வாங்குகிறவன் பதினொரு மணிக்கு வருவான்.
எட்டுக்கே நாரின் சந்தையில்
எர்கெஷின் கன்டெய்னர் முன்னால் நிற்கிறேன்,
மூச்சு மப்ளரில் உறைந்து கன்னத்தைக் குத்துகிறது.
பின்னால் என் ஆடி நூறு. முப்பத்திரண்டு வயது.
முத்துவெள்ளை என்கிறது காகிதம்.
கழுவாத ஆட்டின் நிறம் என்பேன் நான்,
ஆடு பார்த்துப் பிழைப்பவள்.

உனக்கா, விற்கவா? என்கிறான் எர்கெஷ்.
விற்க.
உடனே கை மேல்தட்டுக்குப் போகிறது:
இருபது–ஐம்பது, தேன்போல் கெட்டி.
"இதை ஊற்று. வால்வுத் தட்டல் அடங்கும்,
நீலப்புகை ஒரு வாரம் வாயைப் பொத்திக்கொள்ளும்.
அப்புறம் அவன் பாடு."

மைனஸ் இருபத்தாறு.
இந்தக் குளிரில் அது எண்ணெய் அல்ல, மெழுகு.
விடிகாலையில் சாவியைத் திருப்பினால்
பம்பு உறிஞ்சும், உறிஞ்சும், ஏறாது.
அந்தப் பத்து விநாடி
உள்ளே இரும்பின்மேல் இரும்பு
வெறுங்காலோடு ஓடும்.
வெளியே யாருக்கும் கேட்காது.
கேட்காததைத்தான் எர்கெஷ் விற்கிறான்.

ஐந்து–நாற்பது கொடு, ஒரு லிட்டர்.
அரை போதுமே, விற்கப்போகிற வண்டிக்கு.
இன்னும் பார்க்கவே இல்லையே, என்றேன்.

மருந்தக வாசலில்தான் தரை மட்டம்.
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்,
மேலே ஒட்டியதெல்லாம் கீழே இறங்கட்டும்.
குச்சியை உருவுவது எனக்கு
பசுவுக்குக் காய்ச்சல் பார்ப்பது போலத்தான்:
துடை, நுழை, எடு, வெளிச்சத்தில் பிடி.
பஞ்சு எப்போதும் பையில் உண்டு.
கீழ்க்கோட்டுக்கும் கீழே
நுனியில் ஒரு கறுப்புத் துளி, அவ்வளவுதான்.
போன மாதம்தானே ஊற்றினேன், பாவி.

கொஞ்சம் ஊற்று, பொறு, பார்.
மறுபடி கொஞ்சம்.
அளவு மீறினால் நுரைக்கும், சீல் பிதுங்கும்,
குறைவைவிட அது மோசம்.
எண்ணெய்க்கு அவசரமே கிடையாது.
எனக்கும் ஒருமுறை கிடையாமல் போயிற்று,
டோலோன் கணவாய்க்கு மேலே, இரவு இரண்டு மணிக்கு,
அத்-பாஷியில் ஒரு கன்று பின்னங்கால் முதலாக வந்துகொண்டிருக்க,
சிவப்பு விளக்கு எரிந்தபோது.
நிலக்கரி லாரிக்காரன் ஒருவன்
ஃபான்டா பாட்டிலில் எதையோ கொடுத்தான்.
எந்த எண் என்று கேட்கவில்லை. ஊற்றினேன்.
கன்று பிழைத்தது. எஞ்சினும்.
அந்தப் பெயர் தெரியாத எண்ணெயில் கொஞ்சம்
இன்னும் எங்கோ ஒரு மடிப்பில் ஒட்டியிருக்கும்.

பாதிக்கு மேல் ஊற்றியபின்
இரண்டு கோடுகளுக்கும் நடுவே வந்து நின்றது.
பாட்டிலை மூடினேன்.

பதினொன்றே காலுக்கு ஜாமிர் வந்தான்.
பாலிக்சிக்கு டாக்சி ஓட்டப்போகிறானாம்.
கூட வந்த மாமா கதவுகளை அறைந்து அறைந்து பார்த்தார்,
பையன் குச்சியை உருவினான், முகர்ந்தான்.
இவனுக்குத் தெரியும், என்று நினைத்துக்கொண்டேன்.
எஞ்சின் ஓடியது. பின்னால் புகை.
இந்தக் குளிரில் எல்லா வண்டியின் புகையும் வெள்ளைதான்.
ஜனவரி, விற்கிறவர் கட்சி.

"ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குடிக்கும்?"

அரை லிட்டர், என்றேன்.

அவன் தலையாட்டிக்கொண்டு
கையுறையைக் கழற்றி நோட்டுகளை எண்ணினான்.
விரல்நுனிகள் சிவந்திருந்தன.
மாமா மறுபடி எண்ணினார்.

அவர்கள் எண்ணும்போது
மீதி எண்ணெய், புனல், ஒரு உருண்டைப் பஞ்சு
மூன்றையும் டிக்கியில் வைத்தேன்.
தடுப்பூசி போட்ட ஆட்டுக்கு முதுகில் குறியிடும் பேனா
சட்டைப்பையில் இருந்தது.
பாட்டிலின்மேல் எழுதினேன்:
ஆயிரத்துக்கு ஒன்று.
டிக்கியை மூடினேன். அது இரண்டாவது தடவைதான் பூட்டும்,
அதையும் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை போன் அடித்தது.
பழக்கமில்லாத எண்.
பசுவா, பாட்டிலா தெரியவில்லை.
எடுத்தேன்.