முத்திரையிட்ட உறை

க்ளீவ்லாந்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது, அதன்மேல் வானமும்.
மூன்றாம் மாடியில்
நனைந்த காலணியை ஹீட்டர்மேல் சாய்த்துவிட்டு
கோப்புகளைப் பிரிக்கிறாள் வெரோனிக்கா வ்ரோபெல்.

அமெரிக்கச் சட்டவியல், முதுநிலை, ஓராண்டு.
இருபத்து நான்கு கிரெடிட்.
(கடனா வரவா என்று கேட்காதீர்கள்,
கட்டணச் சீட்டைப் பார்த்தால் தெரியும்.)
அரசியலமைப்பு கட்டாயம். ஒப்பந்தச் சட்டம் கட்டாயம்.
சட்டம் எழுதப் பழகுதல் என்று ஒன்று,
அதுவும் கட்டாயம்.
பராகுவேயில் பதினான்கு வருடம் தீர்ப்பெழுதிய பெனித்தெஸ்
போன வருடம் முதல் வரிசையில் உட்கார்ந்து
பத்தி பிரிக்கக் கற்றார்.
பி மைனஸ் வாங்கி வந்து
மேல்முறையீடு எந்த அறையில் என்று கேட்டார்.

இதெல்லாம் அவளுக்குப் பழக்கம்.

ஆனால் இந்தக் கோப்பு:
ஹாஜர் பக்கீத், வழக்கறிஞர், கார்த்தூம்,
பதினோரு ஆண்டுகள்.
தற்போது ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்.

பட்டச் சான்றைப் படித்த பல்கலைக்கழகமே
முத்திரையிட்ட உறையில் அனுப்பவேண்டும்.
பிரிந்த உறை செல்லாது.
நகல் செல்லாது.
மாணவர் கையால் தந்தால் செல்லவே செல்லாது.

ஹாஜரின் கைபேசியில் சான்றிதழின் படம் இருந்தது,
கீழ்மூலையில் ஒரு கட்டைவிரலோடு.
"கிளம்பும்போது எடுத்தது.
எதை எடுத்துப்போவதென்று தெரியவில்லை,
எல்லாவற்றையும் படம் எடுத்தேன்.
அடுப்பைக்கூட."

"முத்திரையை எங்கே வைப்பார்கள்?"
"பதிவாளர் மேஜையில், இடப்பக்க இழுப்பறை."
"அந்த மேஜை?"
ஹாஜர் ஏரியைப் பார்த்தாள்.
அதில் பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டு வாரத்தில் மனு வந்தது, பதினோரு பக்கம்.
ஒப்பந்தச் சட்டத்தில் பழைய கொள்கை ஒன்றுண்டு:
வாடகைக்குப் பேசிய மண்டபம் எரிந்துபோனால்
மண்டபம் தரும் கடமையும்
அதனோடு எரிந்துபோகிறது.
இயலாததைச் செய்யென்று
எந்த நீதிமன்றமும் எவரையும் கட்டுவதில்லை.
அடிக்குறிப்புகள் முப்பத்தாறு.
அழுகை ஒன்றுகூட இல்லை.

குழுவில் ஐவர். இருபது நிமிடம்.
சாண்ட்விச் தாளைக் கசக்கியபடி முடிவு சொன்னார்கள்:
இதை எழுதியவருக்கு ஆங்கிலத் தேர்வு தேவையில்லை.
உறை தேவை.

விதிக்கு விலக்கு உண்டு.
விலக்குக்கும் விதி உண்டு.
வெரோனிக்காவின் இழுப்பறையில்
ஒரே ஒரு ரப்பர் முத்திரை:
நிலுவை.
நிலுவையிலுள்ளவர் வகுப்புக்கு வரக்கூடாதென்று
கையேட்டில் எங்கும் எழுதவில்லை.
இரவெல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள்.
மையைத் தொட்டு
சற்று அழுத்தியே குத்தினாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்,
எரிந்த மண்டபம் பாடமாக வந்தது.
"இன்றைய உதாரணம் யாராவது?" என்றார் பேராசிரியர் ஹல்வர்சன்.
ஒரு பையன் பெருந்தொற்றைச் சொன்னான்.
இன்னொருவன் திருமண விருந்து, ரத்தான விமானம்.
ஹாஜர் நோட்டில் தேதியை மட்டும் எழுதி
அடிக்கோடிட்டாள்.
விடிகாலை ஷிஃப்டின் மாவு
இன்னும் நகக்கண்ணில் இருந்தது.

மே மாதம். இருபத்து நான்கும் முடிந்தது.
பட்டம் என்ற கட்டத்தில் நிலுவை.
ஏரியில் படகுகள்.

"என் மதிப்பெண் பட்டியல் வேண்டும்," என்றாள்,
"உறையிலிட்டு, முத்திரையோடு.
ஏழு பிரதி."
"ஒன்றுக்குப் பத்து டாலர். எதற்கு ஏழு?
எங்கே அனுப்பவேண்டும்?"

"எங்கும் இல்லை.
மேஜை இருக்கும்போதே
வாங்கி வைத்துக்கொள்கிறேன்."