பதினொரு சதவீதம்

ஹான்காக்கில் நவம்பரில் உட்காரும் பனி
மே வரை எழுந்திருக்காது.
நான் வீடு வீடாகப் போகும் நர்ஸ்.
இருபத்து மூன்று வருடம்
ஆட்களைப் புரட்டி, தூக்கி, உட்காரவைத்ததில்
என் முதுகெலும்பில் இரண்டு வட்டுகள்
நசுங்கிக் கிடக்கின்றன.
எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை.

ஆர்வோ நிஸ்கனென்
செம்புச் சுரங்கத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர்.
சுரங்கம் மூடிய மறுநாள் கராஜுக்குள் போனார்.
முதலில் அவர் தேடியது
நிற்காமல் சுழலும் சக்கரம்.
லாரி டிரம், சைக்கிள் செயின், ஈயக்குண்டுகள்,
ஆறு குளிர்காலம்.
எல்லாம் நின்றன.
எத்தனை நிமிடத்தில் நின்றது என்று
சுவரில் சாக்பீஸால் எழுதுவார்,
நொடி உட்பட, ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லாமல்.
கிறுக்கர்தான்.
தன்னை ஏமாற்றிக்கொள்ளாத கிறுக்கர்.

பிரேக் கேபிள் கேட்டு ஒருநாள் போனேன்.
குனிந்தவள் நிமிர முடியவில்லை.
"யாரைத் தூக்கினாய்?"
"தெல்ஃபின் பெல்லெரோஸை."
"எத்தனை பவுண்டு? எந்த உயரத்திலிருந்து?"
என் வலியை யாரும் அதுவரை
எண்ணாகக் கேட்டதில்லை.
இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு, என்றேன்.
அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அவளை இறக்கும்போது அந்த எடை எங்கே போகிறது?"
"என் இடுப்புக்குள்."
"வீண்," என்றார்.

அப்படித்தான் தொடங்கியது.
இரவு படுக்கையில் இறங்கும் எடையை
லாரியின் சுருள்வில் வாங்கி வைத்துக்கொள்ளும்.
காலையில் அதையே திருப்பித் தந்து தூக்கும்.
வட்டி மட்டும் பிடித்துக்கொள்ளும்:
பதினொரு சதவீதம்.
"உராய்வு," என்றார் ஆர்வோ,
சொந்தக்காரன் செய்த திருட்டை
ஒப்புக்கொள்வதுபோல.

உப்பு மூட்டைகளை ஏற்றிப் பார்த்தார்.
பிறகு தன்னை.
கொக்கி இறுகி, பாதியில் மாட்டிக்கொண்டு
நாற்பது நிமிடம் காயப்போட்ட துணியாய்த் தொங்கினார்.
நான் கதவைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை:
"தொடாதே. மணி என்ன, எழுது."

மருத்துவமனைக் கமிட்டியில் ஒருவர்
அதைப் பேனாவால் தொட்டார்.
"மோட்டார் எங்கே?"
"இல்லை. அதுதான் விஷயம்."
"சான்றிதழ் எண்?"
வரும்போது ஆளுக்கொரு காலண்டர் தந்தார்கள்.

தெல்ஃபின் முப்பது வருடம் மரலாரி ஓட்டியவள்.
பக்கவாதம் அவள் வாயைத் தொடவில்லை.
"நான் சரக்கு இல்லைடா, சரக்கு ஏற்றினவள்.
பட்டையை எங்கே கட்டணும்னு நான் சொல்றேன்."
தொடைப்பட்டை இரண்டு அங்குலம் கீழே இறங்கியது.
காப்புரிமை விண்ணப்பத்தின் மூன்றாம் படத்தில்
அந்த இரண்டு அங்குலம் இருக்கிறது,
அவள் பெயர் இல்லை.
அதற்கு இன்றும் திட்டு விழுகிறது.

முதல் காலை.
கைப்பிடி என்னிடம்.
வில் தந்தது போக மிச்சம்
முப்பத்திரண்டு பவுண்டு,
ஒரு மூட்டை உப்பைவிடக் குறைவு.
அது என் பங்கு, அதைத் தரலாம்.
கடக், கடக் என்று பற்கள் ஒவ்வொன்றாக ஏறின.
பாதி உயரத்தில் அவள் கத்தினாள்:
"நிறுத்து!"

பயந்துபோனேன்.
வலிக்கிறதா? பட்டை அறுக்கிறதா?
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சன்னலின் கீழ்ப்பாதியைப் பனி மூடியிருந்தது.
கட்டிலில் இருந்தால் வெள்ளைதான் தெரியும்.
நாற்காலியில் இருந்தாலும் வெள்ளைதான்.
அந்தரத்தில் தொங்கும் இந்த ஓர் உயரத்தில் மட்டும்
சாலை தெரிந்தது,
பனி வாரும் வண்டி ஒன்று
மஞ்சள் விளக்கோடு திரும்பிக்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து ஆர்வோவின் குரல்:
"எத்தனையாவது பல்லில் நின்றது?"
"நிற்கவில்லை," என்றேன்.
"நிறுத்தியிருக்கிறோம்."
சட்டைப்பைக்குள் போன கை
சாக்பீஸ் இல்லாமல் வெளியே வந்தது.

"பிளேடைச் சாய்க்கிறான் பார், முட்டாள்,"
என்றாள் தெல்ஃபின்.
"இன்னும் ரெண்டு பல் ஏத்து.
எவன் ஓட்டுறான்னு பார்க்கணும்."