பாதி வண்டி என்னுடையது

ஆர்.சி. புத்தகம் என் பெயரில். சாவி நோரலியிடம்.
நடுவில் ஒரு ரெனோ நான்கு,
எழுபத்தெட்டு மாடல், தண்ணீர் குடிக்கும் நோய்.
அர்னுல்ஃபோ சிலிக்குப் போய் ஏழு மாதம்.
எனக்குப் பிறகு அவளைக் கட்டியவன்
அவளுக்குப் பிறகு யாரையோ.

"விற்றுப் பிரித்துக்கொள்வோம் எடில்மா" என்றாள் போனில்.
ஓடாத வண்டியில் என்ன பங்கு?
முதலில் எஞ்சினை இறக்குவோம் என்றேன்.
இறக்குவது என்றால் உண்மையில் தூக்குவது.

மனிசாலெஸில் சமதரை என்று ஒன்று கிடையாது,
என் ஷெட்டும் சாய்ந்துதான் நிற்கும்.
சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்தோம்.
பானெட்டைக் கழற்றிக் கோழிக்கூண்டில் சாத்தினோம்.
ரேடியேட்டர், ஃபேன்,
எஞ்சினின் தலைக்கு மேல் ஓடும் கியர்க் கம்பி
(அதன் குடைப்பிடியைப் பிடித்துத்தான்
இருவரும் வண்டி பழகினோம்,
வேறு வேறு வருடங்களில்).
ஒயர்களுக்கு நான் டேப் ஒட்டி எண் எழுதினேன்.
அவள் போனில் படம் பிடித்தாள்.
ஒருவர் குறிப்பை ஒருவர் நம்பவில்லை.

போல்ட்டுகளில் அவன் கை தெரிந்தது.
பாதி உடும்புப் பிடி,
பாதி விரலுக்கே கழன்று வந்தது.
"வாக்குக் கொடுப்பதும் இப்படித்தானே" என்றாள்.
நான் ஸ்பானரில் குழாயைச் செருகி
முழு எடையையும் போட்டேன்.

வாடகைச் சங்கிலியில் உத்தரம் முனகியது.
எண்பது கிலோ இரும்பு
தொட்டிலாய் ஆடியது.
தாலாட்டும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை.

ஹெட்டைத் தூக்கி, லைனர்களை உருவினோம்.
இரண்டாவதன் அடியில் ஏதோ மின்னியது.
சீல் இருக்க வேண்டிய இடத்தில்
பியர் டப்பாவில் கத்தரித்த வளையம்,
எழுத்துகூட அழியாமல்.

"இரண்டாயிரத்தொன்பது. பெரெய்ரா போகும் வழியில் நின்ற டிசம்பர்."
"இல்லை, பதினாலு. என் அம்மா செத்த வாரம்.
புது கேஸ்கெட் என்று என்னிடம் காசு வாங்கினான்."
என்னிடமும் வாங்கியிருந்தான்.
போடாத ஒரு கேஸ்கெட்டுக்கு
இரண்டு தடவை விலை கொடுத்தவர்கள்
கிரீஸ் கையோடு தரையில் உட்கார்ந்து
வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்போதுதான் ரூயிஸ் மலை தும்மியது.
நீறு பூத்த நெருப்பு என்பது
இந்த ஊரில் உவமை இல்லை.
மாவு சலிப்பதுபோல் இறங்கும் அந்தச் சாம்பலில்
ஒரு சிட்டிகை போதும்,
சிலிண்டரை உப்புத்தாளாய்த் தேய்த்துவிடும்.
துணி தேடி ஓடி நான் திரும்புவதற்குள்
ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தி
அதன் மேல் கவிழ்ந்திருந்தாள் நோரலி,
முதுகும் தலையும் நரைத்து.
நான் கொண்டுவந்தது கட்டில் விரிப்பு.
எந்தக் கட்டில் என்று அவள் கேட்கவில்லை.

மெடெயினிலிருந்து பஸ் பார்சலில் சீல்கள் வந்தன.
லைனர் பிளாக்கைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும்.
குறைந்தால் கசியும், கூடினால் ஹெட் உட்காராது.
கண் அவளுடையது, கை என்னுடையது.
"போதாது" என்பாள், மறுபடி எடுப்பேன்.
"போதாது."
நான்காம் தடவை கேஜ் தகட்டைத் தள்ளிவிட்டுப்
பேசாமல் காபி ஊற்றப் போனாள்.

ஞாயிறு சாயங்காலம், மூன்றாவது முயற்சியில் பிடித்தது.
ஒரு வால்வு மட்டும் தந்தியடித்தது.
கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை;
சோப்புத்தூளில் கை கழுவினோம்,
ஒரே வாளியில்.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன்.
கண்ணாடிப் புட்டியில் ராத்திரி கிழித்த கோட்டிலேயே தண்ணீர்.
போனில் அதை மட்டும் சொன்னேன்.
"சின்சினா வரை ஒரு தடவை இறங்கி ஏறிப் பார்ப்போம்,
அப்புறம் விற்கலாம்" என்றாள்.

அது மார்ச்சில்.
இப்போது அந்த வால்வையும் பார்த்துவிட வேண்டும்.