அரிதட்டில் தங்கியது

பெனடிக்ற் அண்ணையின் மில்லில்
முதல்தரம் கொட்டையை நீட்டினபோது
"கறித்தூள் பதமோ, மாப்பதமோ?" என்றார்.
மூன்றாவது பதம் அவரிடம் இல்லை.
மா என்றேன்.
எனக்கு முன்னால் யாரோ அரைத்த செத்தல் மிளகாய்
கோப்பிக்குள் ஒளித்திருந்து வந்து
மூன்று நாள் என் தொண்டையில் குடியிருந்தது.

அதற்குப் பிறகுதான் கையால் சுற்றும் இந்தச் சின்ன அரைவை.
அடியில் ஒரு வளையம். திருகினால் டிக்.
இருபத்துநாலு டிக் இருக்கிறது.
எதில் நிறுத்துவதென்று
பெட்டியில் சீன மொழியில் விளக்கமாக எழுதியிருந்தார்கள்.

மாங்குளத்தில் எனக்கு வேலை
றோட்டுக்குப் போடும் கிரவலையும் சல்லியையும்
சலித்து நிறுப்பது.
பித்தளை அரிதட்டுகள் ஏழு, ஒன்றின்மேல் ஒன்று,
கீழே போகப் போகக் கண் சிறுக்கும்.
எதில் தங்குகிறதோ அதுதான் அதன் அளவு.
மனிசரை இப்படிச் சொல்ல ஏலாது.
சல்லியைச் சொல்லலாம்.

வெள்ளி பின்னேரம்
பூச்சியம் தசம் ஆறையும் அதற்கு மேல் தட்டையும்
கழுவிக் காயவைத்து
சோற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன்.
பதிவேட்டில் கையெழுத்து வைக்கவில்லை.

சனிக்கிழமை.
பசறையிலிருந்து மகேஸ்வரி அனுப்பிய கொட்டை,
தாச்சியில் நானே வறுத்தது,
ஒரு பக்கம் கொஞ்சம் கருகல்.

எட்டு டிக். இடியப்ப மா மாதிரி.
துணிவடியில் போட்டு ஊற்றினேன்,
தண்ணீர் இறங்கமாட்டேன் என்று குந்தியிருந்தது
மாரி மழைக்குப் பிறகு களிவயலில் நிற்பதுபோல.
இறங்கியபோது வேப்பம்பட்டை.

இருபது டிக். குறுணல்.
யாழ்ப்பாணம் போகும் சொகுசு பஸ்
மாங்குளம் சந்தியில் நிற்காமல் போவதுபோல
தண்ணீர் ஓடிப் போனது.
கோப்பியைக் கண்டும் காணாமலும்.
குடித்தால் வைக்கோல் ஊறின புளிப்பு.

பதினாலு. ரவை.
சலித்து, மேலே தங்கினதைத் திரும்ப அரைத்து,
கீழே விழுந்த தூசைப் பேணியில் ஒதுக்கி,
நடுத்தட்டில் நின்றதை மட்டும் போட்டேன்.
எண்ணி மூன்று நிமிடம்.
நல்லாய்த்தான் இருந்தது.
ஆனால் நாக்கின் நடுவில் சோக்குக்கட்டி.

கேத்திலைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
அடியில் வெள்ளைப் படை,
நகத்தால் சுரண்டினால் ஓடு ஓடாய் வந்தது.
இத்தனை நாள் கொட்டையோடு சண்டை பிடித்திருக்கிறேன்,
கிணறு பேசாமல் இருந்திருக்கிறது.

சந்தியில் சுத்திகரித்த தண்ணீர் ஒரு கான் வாங்கி
ஸ்கூட்டியின் கால்வைக்கிற இடத்தில் வைத்து
முழங்காலால் அணைத்துக்கொண்டு வந்தேன்.
அந்தத் தண்ணீரில் அதே பதினாலு
எலுமிச்சம்பழமாய் வெட்டியது.
பன்னிரண்டுக்கு இறக்கினேன்.
பிறகு பாதி கிணறு, பாதி கடை,
பதின்மூன்று.

அப்போதுதான் சுபாங்கினி வந்தாள்,
ஆஸ்பத்திரி இரவு வேலை முடிந்து,
இரண்டு பிரசவம், ஒரு பாம்புக்கடி.
"பார், இதைக் குடிச்சுப் பார்" என்று நீட்டினேன்.
"சீனி போடேல்லையோ?"
மூன்று கரண்டி. அதற்கு மேல்
பால்மா இரண்டு கரண்டி, கட்டி கரையும்வரை கலக்கி.
நான் அரிதட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பாதி குடித்து, ஒரு சப்பாத்தைக் கழற்றி,
மற்றதைக் கழற்றாமலே தூங்கிவிட்டாள்.

அவள் கையிலிருந்து மெல்ல எடுத்து
மிச்சத்தைக் குடித்தேன்.
அவ்வளவு சீனிக்கும் அடியில்
பதின்மூன்று இருந்தது.

திங்கள் காலை தட்டுகளைத் திரும்ப வைத்தேன்.
பத்தரைக்கு எஞ்சினியர் திருவருட்செல்வன்
ஒட்டுசுட்டான் கிரவலைக் குனிந்து மணந்தார்.
நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
இன்னொருக்கால் மணந்தார்.
"என்ன பதம்?"

கிணத்துத் தண்ணியோ கடைத் தண்ணியோ என்று கேட்டேன்.
மாதிரி அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி
பேனையைத் திறந்தார்.