மூன்றாவது மலையாளத்தில்

களியக்காவிளைச் செக்போஸ்டில்
மணி நாலரை.
சாளைக் கடவத்தின் தண்ணீர்
பிடரி வழியே ரவிக்கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
ரேஷன் அரிசி இருபத்தேழு சாக்கோடு
பிடிபட்டு நின்றான்
எனக்க தம்பி ரசல்ராஜ்.

"இவன் ஒனக்கு யாரு?"
"தெரியாது."
டார்ச்சை முகத்தில் அடித்தார்கள்.
"தெரியாது ஐயா."
எல்லைக்கு அந்தப்புறத்து ஏட்டும் வந்து கேட்டார்.
"அறியில்ல சாரே."
இரண்டு தமிழில்,
மூன்றாவது மலையாளத்தில்.
அவன் என்னைப் பார்க்காமல்
தரையைப் பார்த்தான். எனக்காகத்தான்.

பக்கத்தில் கறிக்கோழி லாரி நின்றது.
அடுக்கடுக்காய்க் கூண்டு.
ஒரு கோழிகூடக் கூவவில்லை.
கூவியிருந்தால் அழுதிருப்பேன், ஏசுவே.
அழாமல் இஞ்சிவிளை போய்
மீன் விற்றேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து.
எல்லாரும் எழுந்து போனார்கள்.
நான் கடைசிப் பெஞ்சில்
முந்தானை நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.
போதகர் ஒமக்க அன்பை அளந்து பார்த்தார்,
அகலம், நீளம், ஆழம் என்று.
எனக்குத் தெரிந்த அளவு கூறுதான்.
பத்துச் சாளை ஒரு கூறு.
பேரம் பேசினால் ஒன்று கூடப் போடுவேன்,
அதுவும் வயிறு உடைந்ததாகப் பார்த்து.

திங்கள் வெளுக்குமுன்
சந்தைக்குப் பின்னால்
சிரட்டைக் கனலில்
லோடுகாரர்கள் அயலை சுட்டார்கள்.
புகை மூக்கில் ஏறியது.
அப்படியே நின்றுவிட்டேன்.

நீரும் இப்படித்தானே
கரையில் குந்தியிருந்து தீ மூட்டினீர்,
மூணு தரம் உம்மைத் தெரியாதென்றவனுக்கு
மீன் சுட.
ஆணி இறங்கிய கை,
அனலில் காந்தியிருக்கும்.
அவன் முகத்தை நிமிர்த்தாமல் தின்றபோது
முள் எடுத்துக் கொடுத்தீரோ?

கேள்வியெல்லாம் அப்புறம்.
முதலில் சாப்பிடச் சொன்னீர்.
எங்க ஊரில் என்றால்
'வா மக்களே' என்றிருப்பீர்.

இதை எந்தக் கூறில் வைத்து எண்ண?

கடவத்தை இறக்கி
அயலைக்காரனிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.
நாலு அப்பம், சுட்ட அயலை ஒன்று,
இலையில் பொதிந்து
குழித்துறை பஸ் ஏறினேன்.
பக்கத்து சீட்டுக்காரி
மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தாள்.
நகரட்டும்.
உம்ம கையும் அன்றைக்கு
இதே வாடைதானே அடித்திருக்கும்.

சப் ஜெயில் வாசலில்
நோட்டைப் புரட்டிய போலீஸ்காரி
தலை தூக்காமல் கேட்டாள்.
"உறவு?"

"அக்கா" என்றேன்.
அவள் எழுதி முடித்துவிட்டாள்.
கேட்காமலே
இன்னும் இரண்டு தரம் சொன்னேன்.