குழாய் நாற்பத்தொன்றுக்கு ஒரு பின்குறிப்பு

படிவத்தில் ஒரு சொல்லுக்குத்தான் இடம்.
"உண்டு" என்று எழுதி சஸ்ஸாரியிலிருந்து அனுப்பிவிட்டேன், பகீசியோ.
உன் கேள்வி அதில் அடங்கவில்லை:
"ஏப்ரலிலேயே ஊசி போட்டேனே, எப்படி நுழைந்தது?"

ஆப்பிரிக்கக் கரையின் மணலை அள்ளி வரும் சிரோக்கோ
இந்தமுறை ஒரு கொசுறும் தந்தது:
கொசு என்றுகூடச் சொல்லமுடியாத, கடுகளவுப் பூச்சி.
அந்தியில் மணி குலுங்க ஆடுகள் பட்டிக்கு இறங்குகையில்
ஒன்றின் மூக்கோரம் அமர்ந்தது.
குடித்தது. குடித்த இடத்தில் விட்டும் சென்றது.

விட்டுச்சென்றது உயிரா என்று என்னைக் கேட்காதே.
சட்டைக்குள் சட்டை, அதற்குள்ளும் சட்டை.
செல் அதை விழுங்கிப் புளிக்க வைக்கும்போது
மேல்சட்டை கழன்று விழும்.
அத்தோடு சரி.
மற்ற வைரஸ்கள் வந்ததும் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்.
இது அவிழ்க்காது. பன்னிரண்டு முனையுள்ள உள்ளறையைச்
சாத்தியபடியே குடியிருக்கும்.

உள்ளே பத்துச் சுருள்.
ஒவ்வொன்றும் தன்னைத் தானே தழுவிய இரட்டை இழை.
வெளியே தலைகாட்டினால் செல் ஊரைக் கூட்டிவிடும்;
அத்தனை நீள இரட்டைக்கு அந்த வீட்டில் உறவே இல்லை.
அதனால் மூலம் படி இறங்குவதில்லை.
நகல் மட்டும், ஒற்றை இழையாய்,
முனைத்துளை வழியே நழுவும்,
செல்லின் தொப்பியைப் போலவே ஒரு தொப்பி வைத்துக்கொண்டு.
தன் வீட்டுக் கையெழுத்தென்று நம்பி
செல் அதை வாசிக்கிறது. வாசித்தபடி சமைக்கிறது.

புதுக் கூடுகள் எழும்.
பத்து ஒற்றைகளும் உள்ளே புகுந்து
கதவு சாத்திய பிறகுதான்
தத்தம் இணையைப் பின்னிக்கொள்ளும்.
இதைத் திரையில் பார்த்து நான் வியந்ததுண்டு.
உன்னிடம் சொல்ல வெட்கமாயிருக்கிறது.
உன் ஆடுகள் முழங்காலில் ஊர்ந்து மேய்ந்த வாரம் அது,
நாக்கு வீங்கி, மை குடித்தது போல் நீலமாகி.

ஊசி?
அது போன வருடத்துச் சட்டைக்குக் காவல் நின்றது.
இது வேறு சட்டையில் வந்தது.
வாசலில் அவிழ்த்தெறியப்போகும் சட்டை, பகீசியோ,
அதைத்தான் நாம் அடையாளம் வைத்திருந்தோம்.

இன்னொன்று. எண் போதும் என்கிறது விதி.
நீ பென்சிலால் "மூரிஸ்கா" என்றெழுதி ஒட்டிய சீட்டை
நான் கிழிக்கவில்லை.
மைனஸ் எண்பதில் இருக்கிறது குழாய்;
அதனுள் அது, இன்னும் சாத்தியபடி.
இன்று கதவைத் திறந்தபோது சீட்டில் பனி படிந்திருந்தது.
கட்டைவிரலால் துடைத்தேன்.
மூவன்னா மட்டும் கொஞ்சம் மங்கியிருக்கிறது.